காம்போடு ஊறிய சிரா

அவளுக்கு மூக்கி என்று பெயர் வைத்தது அவளுடைய அண்ணன்தான். சின்ன வயதில் எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் முகர்ந்து பார்ப்பாள். புதுப் புத்தகம், மழையில் நனைந்த செருப்பு, பக்கத்து வீட்டு நாய்க்குட்டி, எதுவானாலும் சரி. "இவளுக்குக் கண்ணு காதெல்லாம் தண்டம், மூக்கு ஒண்ணு போதும்" என்று அண்ணன் கேலி செய்வான். அப்பா சிரிப்பார். பெயர் ஒட்டிக்கொண்டது.

பிற்பாடு அந்த மூக்குதான் அவளுக்குச் சோறு போட்டது. நகரத்தில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் ஒயின் தேர்வு செய்வது அவள் வேலை. எதை வாங்கலாம், எதைத் தொடவே வேண்டாம், எதை இன்னும் கொஞ்ச காலம் தூங்கவிடலாம் என்று அவள் சொன்னால் முதலாளியம்மா மறுபேச்சுப் பேசமாட்டார். ஒரு நல்ல ஒயின் கிடைக்காமல் போய்விட்டால், அதற்கு ஈடாக வேறு தேசத்தில் வேறு மண்ணில் விளைந்த ஒன்றைத் தேடிப்பிடித்துக் கொண்டுவருவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அண்ணனும் ஒயின்காரன்தான். அப்பா விட்டுப்போன மலைச்சரிவும், அதன் அடியில் கல்லைக் குடைந்து கட்டிய நிலவறையும் அவனிடம் இருந்தன. இருவரும் பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது.

அந்தச் சண்டை இப்படி வந்தது. அப்பா படுத்த படுக்கையான வருஷம், அண்ணன் ஒயின் வாங்க ஆள் பிடிக்க வெளிநாடு போயிருந்தான். சிரா திராட்சை முன்கூட்டியே பழுத்துவிட்டது. பறித்துக் கூடை கூடையாக வந்து இறங்கிய அன்றைக்குப் பார்த்துக் காம்பையும் பழத்தையும் பிரிக்கிற மெஷின் நின்றுபோனது. மெக்கானிக் வருகிறேன் வருகிறேன் என்றானே தவிர வந்தபாடில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மூக்கி ஒரு குலையை எடுத்துக் காம்பைக் கடித்துப் பார்த்தாள். பச்சைக் கசப்பு இல்லை, நன்றாகப் பழுத்துப் பழுப்பேறியிருந்தது. "அப்படியே கொட்டுங்க" என்றாள். குலைகுலையாகக் காம்போடு தொட்டியில் போட்டு, கூலிக்கு வந்த பெண்களோடு அவளும் இறங்கி மிதித்தாள். புதுப் பீப்பாய் வாங்க நாதியில்லாததால் பழைய பீப்பாயிலேயே ஊற்றினாள். கொஞ்சம் தெளிந்ததும் அப்பாவுக்கு ஒரு கரண்டி கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் இன்னொரு கரண்டி கேட்டார். அந்தக் குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தார்.

அண்ணன் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எப்படிச் செய்தாய் என்று அவன் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டால், செய்தது அவன் இல்லை என்று ஆகிவிடும் அல்லவா.

சில வருஷம் கழித்து அந்த ஒயின் வெளியே போனதும் உலகமே அதைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது. அந்த நேரம் பார்த்து அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போக, மூக்கி ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்தாள். அம்மாவும் போய், எல்லாம் முடிந்து ஊருக்குத் திரும்பினால் நிலவறைக்குப் புதுப் பூட்டு. தட்டினாள். அண்ணன் கதவைப் பாதி திறந்தான். உள்ளே விருந்தாளிகள், கையில் கிளாஸ். அவர்களைத் திரும்பிப் பார்த்து, "என் தங்கச்சி. பாட்டில் கழுவறப்போ கூடமாட ஒத்தாசை பண்ணுவா" என்றான். கதவு மூடியது. அண்ணி, வீட்டிலிருந்து அவளுடைய துணிப்பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

அதோடு விட்டிருந்தால்கூடப் போகிறது என்று இருந்திருப்பாளோ என்னவோ. அவள் நகரத்தில் வேலை தேடி ஏறி இறங்கிய கடைகளுக்கெல்லாம் அண்ணன் முந்திக்கொண்டு ஃபோன் போட்டிருந்தான். "பாவம், காய்ச்சல்ல படுத்தாளே, அதுல மூக்கு போயிடுச்சு. வெளில சொல்லிக்க மாட்டா" என்று உருக்கமாகச் சொல்லியிருந்தான். வாசனை தெரியாதவளை யார் ஒயின் கடையில் சேர்ப்பார்கள்? கல்யாண வீடுகளில் தட்டு எடுத்தாள். துணிக்கடையில் நின்றாள். முதலாளியம்மா மட்டும்தான், "உனக்கு மூக்கு இருக்கா இல்லையான்னு உங்கண்ணன் ஏன் சொல்லணும், நான் பார்த்துக்கறேன்" என்று வரிசையாகக் கிளாஸ்களை எடுத்துவைத்தவர்.

அதற்குப் பிறகு மூக்கிக்கு வேலை, வீடு, நல்ல புருஷன் எல்லாம் அமைந்தன. ஆனால் அந்தப் பாதிக் கதவை அவள் மறக்கவில்லை. மறக்க முயன்றதும் இல்லை.

ஒருநாள் முதலாளியம்மா அவளைக் கூப்பிட்டு மேஜைமேல் ஒரு பாட்டிலை வைத்தார். அப்பாவின் லேபிள். காம்போடு போட்ட அதே வருஷம்.

"ஓட்டல்காரர் புதுசா ஒரு பெரிய ரெஸ்டாரண்ட் திறக்கறார்" என்றார். "பழைய சிரா ஒண்ணை முன்னால நிறுத்தி ஒயின் பட்டியல் போடணுமாம். உங்கண்ணன் நிலவறைல அந்த வருஷத்துச் சரக்கு இன்னும் நிறைய இருக்குன்னு சொல்லி மொத்தத்தையும் குடுக்கறேன்னுருக்கான். ஓட்டல்காரர் விவரமான ஆளு. இதுக்கு ஈடா வேற ஊர்கள்லேர்ந்து நாலு ஒயின் கொண்டாங்க, பக்கத்துல வச்சுப் பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணுவேன்னுட்டார். தேடறது உன் வேலை. முடியாதுன்னா இப்பவே சொல்லிடு, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

"முடியும் மேடம்."

ருசி பார்க்கிற அறை கடையின் பின்பக்கம். வெள்ளை மேஜை, வடக்குப் பார்த்த ஜன்னல், துப்புவதற்கு ஒரு உயரமான வாளி. அந்த அறையில் யாரும் சென்ட் பூசிக்கொண்டு நுழைந்தால் மூக்கி கடித்துக் குதறிவிடுவாள். தான் செய்த ஒயினை அவள் வாயில் வைத்து எத்தனையோ காலமாகிவிட்டது. தக்கையை இழுத்தாள். சுலபமாக வந்தது. ஊற்றினாள். ஓரத்தில் செங்கல் நிறம், நடுவில் இருட்டு. முகர்ந்தாள்.

நல்ல ஒயின். கறுப்புப் பழத்தைச் சர்க்கரை போட்டுக் காய்ச்சினது மாதிரி ஒரு கனம், காப்பித்தூள், புது மரத்தின் இனிப்பு. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவள் எதிர்பார்த்து வந்த எதுவும் அதில் இல்லை. இடித்த மிளகு இல்லை. ஆலிவ் காயின் உப்பு இல்லை. காய்ந்த பூவும் தேயிலைக் குச்சியும் கலந்த மாதிரி, காம்பு வயசாகும்போது தருகிற அந்த வாசனை சுத்தமாக இல்லை.

மறுபடி ஊற்றினாள், மறுபடி முகர்ந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒயின் வருஷத்துக்கு வருஷம் மாறுகிற சாமான். மாறியிருக்கலாம். இல்லை, இத்தனை வருஷமாக மனசுக்குள் வைத்துப் பூஜித்ததில் அவளுடைய ஞாபகம்தான் ஊதிப் பெருத்துவிட்டதோ. மூக்கு போயிடுச்சு, மூக்கு போயிடுச்சு என்று அண்ணன் குரல் காதுக்குள் கேட்டது. அந்த மத்தியானம் அவள் அதை ஒரு கணம் நம்பவும் செய்தாள். அதற்காக அவனை அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை.

எழுந்து நேராக முதலாளியம்மாவின் அறைக்குப் போனாள். "மேடம், இது முதல்ல வித்தப்போ நீங்க வாங்கினது ஏதாவது மிச்சம் இருக்கா?"

"இருக்கு. பொண்ணு கல்யாணத்துக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்."

"உங்க பொண்ணுதான் இந்த ஜென்மத்துல கல்யாணம் இல்லைன்னுட்டாளே."

முதலாளியம்மா முறைத்தார். அப்புறம் சிரித்துவிட்டு அலமாரிச் சாவியை எடுத்தார்.

இந்தப் பாட்டிலின் தக்கை பாதியிலேயே ஒடிந்தது. மீதியைப் பொறுமையாகத் தோண்டி எடுக்க வேண்டியிருந்தது. பாதிக்குமேல் கன்னங்கரேலென்று ஊறிப்போயிருந்தது. பாட்டிலின் அடியில் விரல் தடிமனுக்கு வண்டல். கிளாஸில் ஊற்றிய உடனே, குனியக்கூட இல்லை, வாசனை அறை முழுக்க வந்துவிட்டது. மிளகு, புகையில் வாட்டிய இறைச்சி, ஆலிவ், பழைய தோல் பை, எல்லாவற்றுக்கும் பின்னால் தேயிலைக் குச்சி. அந்தத் தொட்டிக்குள் முழங்கால்வரை சாற்றில் நின்றது அவளுக்கு உள்ளங்காலில் தெரிந்தது.

முதலாளியம்மா இரண்டையும் மாற்றி மாற்றிக் குடித்துப் பார்த்தார். இரண்டு தக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அண்ணன் அனுப்பிய தக்கையின் நுனியில் சும்மா உதட்டுச்சாயம் பட்ட மாதிரி ஒரு கறை, அவ்வளவுதான், நேற்று அடைத்தது போல.

"இது போலி" என்றார் மெதுவாக. "இப்பவே ஓட்டல்காரருக்குச் சொல்லிடறேன்."

"சொல்லாதீங்க மேடம். நாம சொன்னா, தங்கச்சி வயித்தெரிச்சல்ல கிளப்பி விடறான்னு ஒரே வார்த்தைல முடிச்சிடுவான். எல்லாரும் தலையாட்டுவாங்க. அது அவன் வாயிலேர்ந்தே வரணும், அவங்க முன்னால."

முதலாளியம்மா இரண்டு தக்கைகளையும் அவள் பக்கம் நகர்த்தினார். "நியாயத்துக்காகப் பண்றியா, பழிக்காகவா?"

"பழிக்காகத்தான் மேடம்."

"சரி" என்றார் முதலாளியம்மா. "பொய் சொல்லலை, அதுவரைக்கும் சந்தோஷம்."

அதன் பிறகு மூக்கி தேடினாளே, அது மாதிரி அவள் வாழ்நாளில் தேடியதில்லை. தெரிந்த தரகர்களையெல்லாம் உலுக்கினாள். பார்சல் பார்சலாக மாதிரி பாட்டில்கள் வந்து இறங்கின. சிராவையே ஷிராஸ் என்று கூப்பிடுகிற தேசத்திலிருந்து வந்ததெல்லாம் பெரும்பாலும் தடித்தடியாக, வெயிலில் குளித்துவிட்டு வந்தது போல இருந்தது. எரிமலைத் தீவு ஒன்றிலிருந்து வந்த பாட்டிலில் கரிப்புகை வீசியது. அழகுதான், ஆனால் வேறு ஜாதி. கடல் தாண்டித் தென்கோடியில், குளிர்காற்று ஓயாமல் அடிக்கிற ஒரு கரையோரத்திலிருந்து வந்ததை முகர்ந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அங்கேயும் யாரோ காம்போடு போட்டிருக்கிறார்கள். மிளகு இருந்தது, பூ இருந்தது. அவளுடைய ஒயினுக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லலாம். அதைத் தனியே எடுத்து வைத்தாள்.

ஆனால் அவள் தேடியது ஒன்றல்ல, இரண்டு. தன்னுடையதற்கு ஈடு ஒன்று, அண்ணன் அனுப்பியதற்கு ஈடு இன்னொன்று. ஒரு வெக்கைப் பள்ளத்தாக்கிலிருந்து, அதிகம் பேர் தெரியாத ஒரு கூட்டுறவு ஒயின் ஆலை அனுப்பிய பாட்டிலைத் திறந்த அன்று இரண்டாவதும் கிடைத்தது. கறுப்புப் பழம், காப்பித்தூள், புது மரத்தின் இனிப்பு. அண்ணன் பாட்டிலை இந்தப் பக்கமும் அதை அந்தப் பக்கமும் வைத்துக் கிளாஸ்களை இடம் மாற்றி மாற்றிப் பார்த்தாள். ஈடு இல்லை. அதுவேதான்.

ஆலைக்கு ஃபோன் போட்டாள். விற்பனை பார்க்கிறவர் நல்ல பேச்சுக்காரர்.

"பழைய சரக்குதாங்க, ரொம்ப நாள் பீப்பாய்ல கிடந்தது" என்றார். "இன்னும் வேணும்னா கொஞ்சம்தான் இருக்கு. மிச்சமெல்லாம் உங்க பக்கத்து ஆள் ஒருத்தர் டேங்கர்ல அடிச்சிட்டுப் போயிட்டார். மலைச்சரிவுக்காரர். பெரிய பேருள்ள மனுஷன், நம்ம சரக்கைத் தேடி வந்திருக்காரேன்னு எங்களுக்கெல்லாம் ஒரே பெருமை."

"இருக்காதா பின்ன" என்றாள் மூக்கி. "எனக்கு ஒரு பாட்டில் அனுப்புங்க. ஒண்ணு போதும்."

அவள் புருஷன் பல் டாக்டர். அன்று சாயங்காலம் அவனுடைய கிளினிக்கில், கடைசி நோயாளி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போனபின், சாய்வு நாற்காலியில் கால் நீட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கையுறையைக் கழற்றியபடியே கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஃபோன் பண்ணி நேரா அவர்கிட்டயே சொல்லிடேன். சரக்கைத் திரும்ப எடுத்துக்கோ, இல்லைன்னா வெளில சொல்லிடுவேன்னு. பயந்துடுவார்."

"பயந்தா போதுமாங்க?"

"சொத்தைப் பல்லைப் பிடுங்கறப்போ மரத்துப்போக ஊசி போடறோமில்ல. அந்த அளவு இரக்கமாவது..."

"என்னைப் பிடுங்கறப்போ ஊசி போட்டானா அவன்?"

பல் டாக்டர் கையுறையைக் குப்பைத்தொட்டியில் போட்டான். அவள் கண்ணில் இருந்த வெளிச்சம் அவனுக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் குறிப்பிட்ட நாளன்று காரில் அவளைக் கொண்டுபோய் ஓட்டல் வாசலில் இறக்கிவிட்டவன் அவன்தான்.

இன்னும் திறக்காத ரெஸ்டாரண்ட் அது. சுவரில் பெயின்ட் வாடை போக ஜன்னல்களையெல்லாம் திறந்துபோட்டிருந்தார்கள். மூக்கி முன்கூட்டியே வந்து காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து மேஜையை இழுத்துப் போட்டிருந்தாள். ஐந்து பாட்டில்கள், ஐந்துக்கும் ஒரே மாதிரித் துணி சுற்றி, கழுத்தில் எண் கட்டி வைத்திருந்தாள். ஓட்டல்காரர் ஒல்லியான மனிதர், அதிகம் பேசமாட்டார். அவருடைய தலைமைச் சமையல்காரி பக்கத்தில் கைகட்டி நின்றாள். முதலாளியம்மா ஓரமாக உட்கார்ந்தார்.

அண்ணன் கொஞ்சம் தாமதமாக, கோட்டுப் போட்டுக்கொண்டு, ஒரு பெட்டி பாட்டிலோடும் அண்ணியோடும் வந்தான். தொப்பை போட்டிருந்தான். மூக்கியைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றான். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அட, நம்ம தங்கச்சிதான் ஊத்திக் குடுக்கப் போறாளா, ரொம்ப நல்லது" என்று தோளைத் தட்டினான். அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் பேச ஆரம்பித்தான். அந்த மண், அந்தக் கல், அப்பா, அந்த வருஷத்து வெயில். நன்றாகத்தான் பேசினான். "உலகத்துல எங்க வேணா போய் இதுக்கு ஈடு தேடுங்க சார். கிடைக்காது. என் கண்ணைக் கட்டி ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்க வைங்க, காத்துல வர்ற வாசத்துல என் ஒயினைச் சொல்லிடுவேன்."

"ரோடெல்லாம் வேண்டாம்" என்றார் ஓட்டல்காரர். "இங்கேயே சொல்லுங்களேன். அஞ்சுல உங்களது எது?"

மூக்கி ஊற்றினாள்.

அண்ணன் முதல் கிளாஸை முகர்ந்தான். தென்கோடிக் கரையிலிருந்து வந்தது. "குளிர் ஊர். ஒல்லி" என்று ஒதுக்கினான். இரண்டாவது எரிமலைத் தீவு. "அடுப்பங்கரை" என்றான், சமையல்காரிகூடச் சிரித்தாள். மூன்றாவதை முகர்ந்ததும் அவன் முகம் மலர்ந்தது. ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி விழுங்கினான். "துப்ப மனசு வரலை பாருங்க. இதுதான் சார். என் மலை."

"மத்ததையும் பார்த்துடுங்க" என்றார் ஓட்டல்காரர்.

நான்காவதுக்கு அவன் மூக்கைச் சுருக்கினான். வாயில் வைத்துவிட்டு வாளியில் துப்பினான். "இது யாரோ தொழில் தெரியாதவங்க பண்ணினது. காம்பைக்கூடப் பிரிக்காம போட்டிருக்காங்க. குச்சி வாடை. இதையெல்லாம் என்னோடது பக்கத்துல ஏன் வச்சீங்க?"

ஐந்தாவதை எடுத்தான். முகர்ந்தான். கிளாஸ் மூக்கிலேயே நின்றது. மூன்றாவதை எடுத்து முகர்ந்தான், மறுபடி ஐந்தாவது, மறுபடி மூன்றாவது. நெற்றியில் வியர்வை பொடித்தது. ஜன்னல் பக்கம் காற்று வந்துகொண்டுதான் இருந்தது. மெல்ல நிமிர்ந்து தங்கையைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். இந்த ஒரு பார்வைக்காகத்தான் அவள் இத்தனை வருஷம் காத்திருந்தாள். அவசரமில்லாமல் அதை முழுசாக அனுபவித்தாள்.

"மூணாவதுன்னு சொல்லிட்டீங்க. மாத்தணுமா?" என்றார் ஓட்டல்காரர்.

"இல்ல... மூணுதான். அஞ்சும் நல்ல ஒயின்தான்."

மூக்கி மூன்றாவது பாட்டிலின் துணியை அவிழ்த்தாள். கூட்டுறவு ஆலையின் சாதா லேபிள். ஐந்தாவதை அவிழ்த்தாள். அப்பாவின் லேபிள்.

"அண்ணா மூணாவதைத் தன்னோடதுன்னு சொன்னதுல தப்பே இல்லை சார்" என்றாள். "மூணும் அஞ்சும் ஒண்ணுதான். டேங்கர்ல வந்து அவரோட பாட்டில்ல இறங்கினது. ஊர் அந்த ஊரு, லேபிள் மட்டும் எங்க அப்பாவோடது." பிறகு நான்காவதன் துணியை எடுத்தாள். அதிலும் அப்பாவின் லேபிள், ஓரம் மஞ்சளேறி. "இது எங்க மேடம் முதல் விற்பனைல வாங்கினது. நிஜமானது. தொழில் தெரியாதவங்க பண்ணினதுன்னு இப்போதான் துப்பினார்."

அண்ணன்தான் முதலில் தேறினான். தொழில் புத்தி. "சார், இது குடும்பச் சண்டை. சொல்லக் கூடாதுன்னு பார்த்தேன். இவளுக்குச் சின்ன வயசுலேர்ந்தே என்மேல..."

"ஒண்ணே ஒண்ணு சொல்லுண்ணா" என்றாள் மூக்கி. குரலை உயர்த்தவில்லை. "அந்த வருஷம் ஏன் காம்பைப் பிரிக்காம போட்டோம்? நீ பண்ணின ஒயின்தானே. சொல்லு."

ஓட்டல்காரர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் சுவரோரமாக நின்ற அண்ணி, யாரிடம் என்றில்லாமல், தரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "மெஷின் ரிப்பேர். அவர் ஊர்ல இல்லை."

அண்ணன் அவள் பக்கம் திரும்பினான். அந்த முகத்தைப் பார்த்து அண்ணி ஓரடி தள்ளிப் போனாள், ஆனால் சொன்னதை மாற்றவில்லை.

ஓட்டல்காரர் அண்ணன் கொண்டுவந்திருந்த பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, தன் கையாலேயே சில தக்கைகளை எடுத்துப் பார்த்தார். எல்லாம் வெள்ளை வெளேர். தக்கைகளைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, "கிளம்புங்க" என்று மட்டும் சொன்னார்.

வெளியே நடையில் அண்ணன் அவளைப் பிடித்துக்கொண்டான். கோட்டு கசங்கியிருந்தது, மூச்சு வாங்கியது. "இதை இதோட விட்டுடு. உனக்கு என்ன வேணும்? நிலவறைல பாதி எழுதித் தரேன். அந்த வருஷத்து ஒயின் நீ பண்ணினதுன்னு ஊரறியச் சொல்றேன். உன் பேரைப் போடறேன், போதுமா?"

ஒரு காலத்தில் இந்த வார்த்தைகளுக்காக அவள் தவம் கிடந்திருக்கிறாள். ராத்திரி ராத்திரியாக அவன் இப்படிச் சொல்வதாகக் கற்பனை செய்து, அதற்குத் தான் சொல்லப்போகிற பதிலையும் ஒத்திகை பார்த்திருக்கிறாள். இப்போது நேரில் கேட்டபோது அவன் வாயிலிருந்து அந்தக் காப்பித்தூள் ஒயின் வாடைதான் வந்தது.

"வேண்டாண்ணா" என்றாள். "பாட்டில்ல உன் பேரே இருக்கட்டும்."

மறுநாள் காலை கடைக்குப் போனதும் ஃபோனை எடுத்தாள். முன்பு அவள் வேலை கேட்டு ஏறி இறங்கிய கடைகள், மூக்கு போயிடுச்சு என்று கேட்டுத் தலையாட்டியவர்கள், ஒருவர் பாக்கியில்லை. நடந்ததை நடந்தபடி, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டவர்களிடம், "மோந்து பார்த்துத்தான்" என்றாள். பேசப் பேச அவளுக்குப் பசியெடுத்தது. மத்தியானம் இரண்டு ஆள் சாப்பாட்டைச் சாப்பிட்டாள். முதலாளியம்மா கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டேயிருந்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை.

அண்ணனின் சாயம் வேகமாகத்தான் வெளுத்தது. போன சரக்கெல்லாம் திரும்பி வந்தது. ஓட்டல்காரர் கேஸ் போட்டார், வக்கீல்கள் வந்தார்கள். அவனைத் தலையில் வைத்து ஆடியவர்களே, எங்களுக்கு அப்பவே சந்தேகம் என்றார்கள்.

மூக்கி எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. ஒரு பழைய ஓட்டலின் நிலவறையைப் பார்த்துக்கொள்கிற பெண் வேறு ஏதோ விஷயமாகக் கடைக்கு வந்தவள், பேச்சுவாக்கில், "உங்கண்ணன் லேபிள் எங்ககிட்டயும் நிறைய கிடந்துதுங்க, ரொம்பப் பழசு. எது நிஜம் எது போலின்னு யாருக்குத் தெரியும். வம்பே வேண்டாம்னு மொத்தத்தையும் தொட்டில கொட்டிட்டோம்" என்றாள்.

"தக்கை எப்படி இருந்தது?"

"ஐயோ, அதை ஏன் கேக்கறீங்க, எல்லாம் கறுகறுன்னு, பாதி ஒடிஞ்சே வந்துது."

மூக்கி தலையாட்டினாள். அந்தப் பெண் போனபிறகு கிடங்குக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு ஃபோன் போட்டிருந்தால் ஓடிப்போய் ஒவ்வொன்றாக முகர்ந்து பிரித்துக் கொடுத்திருப்பாள். அப்படி இன்னும் எங்கெங்கே கொட்டினார்களோ. லேபிளைக் கெடுத்ததும் உள்ளே இருந்ததும் சேர்ந்து கெட்டுவிடும் என்று அவளுக்கு ஏன் தோன்றவில்லை? தோன்றியிருந்தால் நிறுத்தியிருப்பாளா? அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து அதைத் தன்னிடமே நேர்மையாகக் கேட்டுப்பார்த்தாள். நிறுத்தியிருக்க மாட்டேன் என்றுதான் பதில் வந்தது. பிறகு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அண்ணனுக்காக இல்லை.

முதலாளியம்மா தன்னிடம் மிச்சமிருந்த பாட்டில்களை இனி விற்க முடியாது என்று எடுத்துவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பல் டாக்டரையும் கூப்பிட்டு உட்காரவைத்துத் திறந்தார். பல் டாக்டர் ஒரு வாய் குடித்துவிட்டு, கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவனுக்கு ஒயின் என்றால் சிவப்பா வெள்ளையா என்பதற்குமேல் தெரியாது.

அண்ணி ஒருநாள் ஃபோன் செய்தாள். மலைச்சரிவை விற்கப்போகிறார்களாம். வாங்குகிறவர் விடுதிகள் கட்டப்போகிறாராம், கொடிகளையெல்லாம் பிடுங்கிவிடுவார்களாம். "அவர் சாப்பிடறதே இல்லை. யார்கிட்டயும் பேசறதில்லை. ஓட்டல்காரர் நீ சொன்னா கேஸை வாபஸ் வாங்குவாரு. நீ ஒரு வார்த்தை சொன்னா..."

மூக்கி காதில் ஃபோனை வைத்தபடி காத்திருந்தாள். இரக்கம் வரும் என்று நினைத்தாள். கூடப்பிறந்தவன், ஒரே தட்டில் சாப்பிட்டவன். கொஞ்ச நேரம் பார்த்தாள், வரவில்லை.

"நீங்க அன்னிக்கு உண்மையைச் சொன்னீங்க அண்ணி, அதை நான் மறக்க மாட்டேன். உங்களுக்கு எது வேணும்னாலும் என்கிட்ட வாங்க" என்றாள். "அவனுக்காகக் கேக்காதீங்க."

ஓட்டல்காரர் தென்கோடிக் கரையின் ஒயினை எடுத்துக்கொண்டார். ரெஸ்டாரண்ட் நன்றாக ஓடுகிறது. இப்போதும் சிலர் கடைக்கு வந்து, அந்த மலைச்சரிவுச் சிரா ஒரு காலத்தில் குடித்தோம், அதற்கு ஈடாக ஏதாவது உண்டா என்று கேட்பார்கள். மூக்கி அந்தக் குளிர்க்கரைப் பாட்டிலை எடுத்து வைப்பாள்.

"அதே மாதிரி இருக்குமா?"

"இருக்காது" என்பாள். "ஆனா வாங்கிட்டுப் போங்க. இது நல்லா வரும். கொஞ்ச நாள் வச்சிருந்து குடிங்க."